கிர்மிட் தீவில் ஆறு நாள்

முதல் நாள்: நாந்தி, லௌத்தோக்கா

ஆக்லாந்தில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆயிற்று. ஊருக்குக் கிளம்புவதற்கு முன் பிஜிக்குப் போய்வரலாம் அம்மா என்றாள். மூன்று மணி நேர விமானம்தான், நல்ல கடற்கரை, உடம்புக்கும் இதமாக இருக்கும் என்றாள். எனக்கு எங்கள் ஆயா ஞாபகம் வந்தது. குடியாத்தம் பக்கத்தில் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் ஆயா, "பிஜிக்குப் போயிட்டானா?" என்று கேட்பார். பிஜி எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. போனவர்கள் வருவதில்லை என்பது மட்டும் தெரியும். சரி, போகலாம் என்றேன். கடற்கரையை நீ பார்த்துக்கொள், எனக்குக் கரும்புக்காட்டைக் காட்டு என்றேன்.

இந்த நாட்டில் ஊர்ப் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது ஒரு மாதிரி. பலகையில் நாடி என்று இருப்பதை நாந்தி என்கிறார்கள். பா என்ற ஊர் வாயில் ம்பா ஆகிவிடுகிறது. பிஜி மொழியை ஆங்கில எழுத்தில் எழுத வழி செய்த பழைய மெதடிஸ்ட் மிஷனரிகள் செய்த ஏற்பாடாம் இது. நான் காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதம், அரவைக் காலம். விமான நிலையத்திலிருந்து லௌத்தோக்கா போகிற வழியெல்லாம் கரும்பு லாரிகள். சாலையோரம் குறுகலான தண்டவாளம், அதில் கரும்புக் கட்டு ஏற்றிய சின்ன ரயில். ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வெல்லப்பாகு வாசனை வந்துவிட்டது. எங்கள் ஊர் ஆலைக்கொட்டகையில் பாகு காயும் அதே வாசனை. மகளுக்குச் சொன்னேன். அவள் வெல்லம் காய்ச்சிப் பார்த்ததில்லை.

இந்த ஆலையை 1903-ல் சி.எஸ்.ஆர். என்ற ஆஸ்திரேலியச் சர்க்கரைக் கம்பெனி ஓட்ட ஆரம்பித்தது. அதே 1903-ல்தான் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் பிஜிக்கு ஆள் ஏற்றத் தொடங்கினார்கள். அதற்கு முன் 24 வருஷமாகக் கல்கத்தாவிலிருந்து மட்டும் கப்பல் வந்துகொண்டிருந்தது. 1879 முதல் 1916 வரை மொத்தம் 87 நடை, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தெற்கத்திக்காரர்கள். தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எல்லாரும் அதில் உண்டு. எங்கள் வடஆர்க்காட்டிலிருந்து மட்டும் நிறையப் பேர்.

கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷம் வேலை செய்யக் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்துக்கு அக்ரிமெண்ட் என்று பெயர். அந்த வார்த்தை வாயில் நுழையாமல் கிர்மிட் ஆயிற்று. வந்தவர்கள் கிர்மிட்டியர் ஆனார்கள். இன்றைக்கும் இங்கே அதுதான் பெயர்.

சாயங்காலம் நாந்தியில் சிவசுப்பிரமணியர் கோயில் கோபுரத்தைப் பார்த்தோம். அசல் நம் ஊர்க் கோபுரம், நிறம் உட்பட. வாசலில் பூ விற்ற அம்மா என்னிடம் இந்தியில் பேசினார். தமிழ் தெரியுமா என்று கேட்டேன். "வணக்கம், தண்ணி, சோறு" என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டுச் சிரித்தார். தன் தாத்தா தமிழ் பேசுவார் என்றார். நான் சி.எஸ்.ஐ. சபைக்காரி என்றதும், "எங்கள் சொந்தத்திலும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், பரவாயில்லை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள்: பஸ், அப்புறம் ஒரு போர்வை

நாந்தியிலிருந்து சுவாவுக்கு நாலு மணி நேர பஸ். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. பாதி வழி தூங்கிவிட்டேன்.

எழுத வேண்டியது ராத்திரி நடந்தது. கூலிகள் தங்கிய குடியிருப்பு லைன் எப்படி இருந்தது என்று மகள் கேட்டாள். படித்து வைத்திருந்த கணக்கைச் சொன்னேன். ஒரு அறை 10 அடிக்கு 7 அடி. அதில் தனி ஆட்கள் என்றால் மூன்று பேர், இல்லையென்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று ஒரு குடும்பம். சமையல், படுக்கை, மண்வெட்டி, விறகு எல்லாம் அதற்குள்ளேயே. அறைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள தடுப்பு கூரை வரைக்கும் போகாது. அடுத்த அறையில் இருமினால் இங்கே கேட்கும், அழுதாலும் கேட்கும்.

மகளுக்கு அடிக் கணக்கு பிடிபடவில்லை. ஹோட்டல் போர்வையைத் தரையில் விரித்தோம். ஏழரை அடி நீளம் இருந்தது. அதன் ஓரத்தைக் கொஞ்சம் மடித்து ஒரு பக்கத்தை ஏழடி ஆக்கினோம். இன்னொரு பக்கத்துக்கு என் துண்டையும் அவள் சால்வையையும் சேர்த்துப் போட்டுப் பத்தடி காட்டினோம். இரண்டு பேரும் அதற்குள் படுத்துப் பார்த்தோம். நடுவில் மூன்றாவது ஆளுக்கு அவள் பையை வைத்தோம். அடுப்பு எங்கே என்றாள். என் கால்மாட்டைக் காட்டினேன். அங்கே அடுப்பை வைத்தால் கதவைத் திறக்க முடியாது. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தோம். அப்புறம் அவள்தான் எழுந்து போர்வையை மடித்தாள்.

கூலிக் கணக்கு இது. ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். ஆனால் அன்றைக்கு அளந்து கொடுத்த வேலையை முழுதாக முடித்தால்தான் அது. அளந்து கொடுப்பவன் வெள்ளைக்கார மேற்பார்வையாளன், இங்கத்திப் பேச்சில் கூலம்பர். அவனுக்குக் கீழே சர்தார், நம் ஊர்க் கங்காணி மாதிரி. முடிக்கவில்லை என்றாலோ வரவில்லை என்றாலோ கோர்ட்டில் நிறுத்தலாம். அபராதம் போடலாம், ஜெயிலுக்கும் அனுப்பலாம். ஜெயிலில் இருந்த நாட்களை ஐந்து வருஷக் கெடுவோடு சேர்த்து நீட்டிக்கொள்வார்கள். வேலையை விட்டுப் போவதே குற்றம். கையெழுத்துப் போட்டு வந்தவர்களைக் கட்டாயத் தொழிலாளி என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு விதியே போதும்.

மூன்றாம் நாள்: சுவா, ஆவணக் காப்பகம்

தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு கிர்மிட்டியரின் குடியேற்றச் சீட்டும் படச்சுருளில் இருக்கிறது. ஊழியர் ஒருவர் சுருளை மாட்டிக் கொடுத்துவிட்டு, "அழுகை வந்தால் வெளியே பெஞ்ச் இருக்கிறது ஆன்ட்டி" என்றார். நிறையப் பேருக்குச் சொல்லிப் பழகிய குரல்.

சென்னைக் கப்பல் ஒன்றின் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு சீட்டில் குடியாத்தம் தாலுகா என்று இருந்தது. கை நின்றுவிட்டது. பெண். வயது 22. உயரம் 4 அடி 11 அங்குலம். தகப்பன் பெயர், சாதி, கிராமம். உடலடையாளம் என்ற இடத்தில், இடது முழங்காலில் தழும்பு. பெயரை இங்கே எழுத மாட்டேன். அவர் வம்சம் எங்கேயாவது இருக்கும். அவர் ஊர் எங்கள் ஊரிலிருந்து ஆறு மைல்.

அந்தத் தழும்பை நினைத்துக்கொண்டே இருந்தேன். கிணற்றடியில் விழுந்ததோ, அறுப்பில் அரிவாள் பட்டதோ. ஆளைப் பார்த்து அடையாளம் எழுதிய குமாஸ்தா முழங்காலைக் காட்டு என்று கேட்டிருப்பான். காட்டியிருப்பாள். கப்பலில் 100 ஆணுக்கு 40 பெண் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்த எண்ணிக்கையை நிரப்பத் தனியாக நின்ற பெண்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். விதவை, புருஷனோடு சண்டை போட்டு வந்தவள், பஞ்சத்தில் ஊரை விட்டவள். பக்கத்து ஊரில் வேலை இருக்கிறது என்றுதான் பலரிடம் சொன்னார்கள்.

பெஞ்சுக்குப் போகவில்லை. ஆனால் வெகுநேரம் அடுத்த சீட்டுக்கு நகர முடியவில்லை.

பிற்பகல் தூராக் மேட்டில் ஹன்னா டட்லியின் பெயரால் நிற்கும் தேவாலயத்துக்குப் போனோம். 1897-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் மிஷனரி அம்மா இவர். அதற்கு முன்பே வட இந்தியாவில் ஊழியம் செய்தவர். இந்துஸ்தானி பேசத் தெரியும். கப்பல்கள் வர ஆரம்பித்து 18 வருஷம் ஆகியும் இந்தியர்களுக்காக என்று உருப்படியாக ஒருவரும் இல்லாத நேரம் அது. தன் வீட்டு வராந்தாவில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். லைனில் தாய் தகப்பன் செத்துப்போன பிள்ளைகளைத் தன்னோடு வைத்து வளர்த்தார். ஜனங்கள் அவரை மாதாஜி என்று கூப்பிட்டார்கள்.

அவர் செய்தது பெரிய காரியம்தான். ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அநாதைப் பிள்ளையை எடுத்து வளர்ப்பது ஒன்று. பிள்ளைகள் ஏன் இத்தனை பேர் அநாதையாகிறார்கள் என்று கம்பெனியிடம் கேட்பது வேறு. முதலாவதைச் செய்கிறவரை ஊரே கும்பிடும். இரண்டாவதைக் கேட்டவர் யார் என்று நாளைக்குப் பார்க்கப் போகிறேன்.

ராத்திரி சாப்பிட ஒரு கொரியன் கடைக்குள் நுழைந்தோம். பளிச்சென்று இருந்தது. பக்கத்து மேஜைக்காரர், இது ஒரு சபை நடத்துகிற கடை என்றார். எனக்கு அந்தச் செய்தி தெரியும். உலகத்துக்குப் பஞ்சம் வரப்போகிறது, பிஜிதான் வாக்குத்தத்த பூமி என்று சொல்லித் தென்கொரியாவிலிருந்து சுமார் 400 பேரை இங்கே கொண்டுவந்த சபை அது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அடித்து, கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். அதன் தலைவிக்கு 2019-ல் தென்கொரிய நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது. நூறு வருஷத்துக்கு முன் கூலம்பர் கையில் இருந்தது ஒப்பந்தக் காகிதம். இங்கே அந்த இடத்தில் வேதாகமத்தை வைத்திருக்கிறார்கள். எழுந்து வெளியே வந்துவிட்டோம். பேக்கரியில் ரொட்டி வாங்கி அறையில் சாப்பிட்டோம்.

நான்காம் நாள்: ரேவா ஆற்றங்கரை

சுவாவிலிருந்து அரை மணி நேரத்தில் நௌசோரி. ரேவா ஆறு அகலமாக, செம்மண் நிறத்தில், சத்தமில்லாமல் ஓடுகிறது. பிஜியில் கம்பெனியின் முதல் ஆலை இங்கேதான் 1882-ல் வந்தது. 1959-ல் மூடிவிட்டார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாவுயிலேவு, மெதடிஸ்ட் சபையின் வேதாகமக் கல்லூரி இருக்கும் இடம். 1902-ல் நியூசிலாந்திலிருந்து ஜான் பர்ட்டன் என்ற இளம் போதகர் இந்தியர்களுக்கு ஊழியம் செய்ய இங்கே வந்து சேர்ந்தார்.

ஊழியம் செய்ய வந்தவர் லைனுக்குப் போனார். பார்த்தார். 1910-ல் ஒரு புத்தகத்தில் எழுதிவிட்டார். அடி, உதை, அளவுக்கு மீறிய வேலை, பெண்களுக்கு லைனில் நடந்தது எல்லாம் அதில் இருந்தது. தோட்ட முதலாளிகளுக்குக் கோபம் வந்தது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்கள். தன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி ஒரு போதகர் எழுதியது அது. அதன் விலை என்ன என்று சபை அரசியல் தெரிந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் புத்தகம் இந்தியாவுக்கு வந்து சார்லஸ் ஃப்ரியர் ஆண்ட்ரூஸ் கையில் கிடைத்தது.

ஆண்ட்ரூஸ் ஆங்கிலிக்கன் குரு. 1904-ல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு வந்தவர். 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும் காந்தி யார் என்று கேட்டு, குனிந்து அவர் காலைத் தொட்டார். வெள்ளைக்காரர் ஒருவர் இந்தியர் காலைத் தொட்டதை அங்கிருந்த வெள்ளைக்காரர்களால் ஜீரணிக்க முடியவில்லை. பிறகு சாந்திநிகேதனில் தாகூரோடு இருந்தார்.

பர்ட்டன் எழுதியதை அங்கே இருந்தே படித்துவிட்டு ஒரு கண்டன அறிக்கை விட்டிருக்கலாம். 1915 கடைசியில் நண்பர் பியர்சனோடு கப்பலேறி இங்கே வந்தார். லைன் லைனாக நடந்தார். கூலிகளிடம் பேசினார். தோட்ட முதலாளிகளிடமும் பேசினார், மாஜிஸ்திரேட்டுகளிடமும் பேசினார். அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களையே எடுத்து அடுக்கினார். இந்தியாவில் இருப்பதைவிட இங்கே கூலிகள் தற்கொலை செய்துகொள்வது பல மடங்கு அதிகம் என்று காட்டியது அந்த அறிக்கைதான். பரிதாபப்பட்டு எழுதியிருந்தால் மறுத்திருப்பார்கள். எண்ணிக்கையை மறுக்க முடியவில்லை.

1916 மார்ச்சில் டெல்லி சட்டசபையில் காங்கிரஸ் தலைவர் மதன் மோகன் மாளவியா கொண்டுவந்த தீர்மானத்தை வைஸ்ராய் ஹார்டிஞ் ஏற்றுக்கொண்டார். முறை ஒழியும் என்றார்கள். ஆனால் இன்னும் சில வருஷம் ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கலாம் என்று லண்டனில் பேசி வைத்திருந்தது பிறகு தெரியவந்தது. ஆண்ட்ரூஸ் மறுபடியும் ஊர் ஊராகக் கிளம்பினார். காந்தி கெடு வைத்தார். இந்தியப் பெண்கள் குழுவாகப் போய் வைஸ்ராயைப் பார்த்தார்கள். 1917 மார்ச்சில் ஆள் ஏற்றுவது நின்றது. ஆண்ட்ரூஸ் அதோடு விட்டுவிடவில்லை. அந்த வருஷமே இரண்டாம் தடவை பிஜிக்கு வந்தார். புதிதாக ஆள் வருவது நின்றாலும் இங்கே கெடு முடியாமல் கிடந்தவர்கள் இருந்தார்களே! ஆஸ்திரேலியப் பெண்கள் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, கல்கத்தாவில் லண்டன் மிஷனில் ஊழியம் செய்த ஃப்ளாரன்ஸ் கார்னம் என்ற அம்மாவை விசாரிக்க அனுப்பின. 1918-ல் அவர் கொடுத்த அறிக்கையும் அதே கதையைச் சொன்னது. 1920 ஜனவரி 1-ஆம் தேதி மிச்சமிருந்த கிர்மிட் எல்லாம் ரத்து.

வெள்ளைக்காரர்கள் வந்து காப்பாற்றினார்கள் என்ற கதையாக இதைச் சொன்னால் நான் பாவம் செய்தவளாவேன். வைனிம்போக்காசி ஆற்றோரம் வரைக்கும் ஒரு டாக்ஸி பிடித்துப் போனேன். 1913 ஏப்ரலில் குந்தி என்ற கூலிப்பெண்ணை ஆள் இல்லாத வாழைத்தோட்டத்தில் தனியாக வேலைக்கு விட்டார்கள். அங்கே கூலம்பர் வந்தான். கையைத் திமிறிக்கொண்டு ஓடி இந்த ஆற்றில் குதித்தாள். படகில் வந்த பையன் ஒருவன் தூக்கிவிட்டான். அவள் சும்மா இருக்கவில்லை, சொன்னாள். அவள் வாக்குமூலம் கல்கத்தாப் பத்திரிகையில் வந்து வட இந்தியாவே கொதித்தது. நம் பாரதி இந்தத் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடியதும் அந்தக் காலத்தில்தான். ஆண்ட்ரூஸ் வருவதற்கு இரண்டரை வருஷம் முன்பே குந்தி பேசிவிட்டாள். ஆண்ட்ரூஸின் பெருமை அவள் சொன்னதை நம்பியது.

ஆற்றங்கரையில் நின்றபோது என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

2011-ல் பாலாற்றுப் பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து ஒரு பெண் குழந்தை மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். மூன்று வாரம் வந்தாள். பிறகு வரவில்லை. தேடிப் போனேன். அவள் அம்மா பச்சைச் செங்கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அட்வான்ஸ் கணக்கு தீரல டீச்சர். பொண்ணும் சேர்ந்து அறுத்தாதான் தீரும்" என்றாள். எவ்வளவு அட்வான்ஸ் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. நோட்டு முதலாளியிடம் இருக்கிறது என்றாள். ஊருக்குச் சாவுக்குப் போகக்கூட விடமாட்டார்கள் என்றாள். முதலாளி எங்கள் சபைக்காரர். கோயிலுக்குப் புதுத் தரைக்கல் போட்டுக் கொடுத்தவர். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆர்.டி.ஓ.விடம் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார்கள் என்பது தலைமையாசிரியையான எனக்குத் தெரியும். நான் எழுதவில்லை. அந்தப் பிள்ளைக்கு இரண்டு நோட்டும் ஒரு பாவாடை சட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள்: லெவுக்கா

விடியற்காலை பஸ், அப்புறம் கப்பல், அப்புறம் லாரி மாதிரி ஒரு வண்டி. ஒவலாவ் தீவில் லெவுக்கா. பழைய தலைநகரம். கடலோரம் ஒரே ஒரு தெரு, மரத்தால் கட்டிய கடைகள், பின்னால் செங்குத்தாக மலை. 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அழகான ஊர்தான். அழகை ரசிக்கிற மனநிலை எனக்கு இல்லை.

இந்தியர்களுக்கு முன்னால் இந்தத் துறைக்கு இழுத்துவரப்பட்டவர்கள் வேறு. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு விலை ஏறியது. இங்கே பருத்தி போட்டார்கள். அதற்கு ஆள் வேண்டி சாலமன் தீவுகளிலிருந்தும் இன்றைய வனுவாட்டுவிலிருந்தும் மனிதர்களைக் கப்பலில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். சிலரை ஏமாற்றி, சிலரை நேரடியாகக் கடத்தி. அதில் ஒரு தந்திரம் என்னை விடவே இல்லை. மிஷன் கப்பல் மாதிரித் தங்கள் கப்பலுக்கு வெள்ளை அடித்து, பிஷப் வந்திருக்கிறார் என்று கூப்பிடுவார்களாம். பிஷப்பைப் பார்க்க ஆசையாகப் படகில் வந்தவர்களைப் பிடித்துக் கீழ்த்தட்டில் அடைப்பார்கள்.

அந்த பிஷப் ஜான் பாட்டிசன், மெலனீசியாவின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப். இந்த ஆள்கடத்தலுக்கு எதிராகக் கத்திக்கொண்டே இருந்தவர். 1871 செப்டம்பர் 20-ல் நுக்காப்பு தீவில் தனியாக இறங்கியவரைக் கொன்றுவிட்டார்கள். உடலைப் பாயில் சுற்றிப் படகில் விட்டார்கள். மேலே ஐந்து முடிச்சுப் போட்ட தென்னோலை. கொஞ்ச நாள் முன்பு அந்தத் தீவிலிருந்து ஐந்து பேரைக் கடத்தியிருந்தார்கள், அதற்குப் பழி என்று சொல்லப்படுகிறது. அடுத்த வருஷம் இங்கிலாந்து நாடாளுமன்றம் பசிபிக் தீவு மக்களைப் பாதுகாக்கச் சட்டம் போட்டது. ஐந்து பேர் கடத்தப்பட்டபோது வராத சட்டம் பிஷப் செத்த பிறகு வந்தது.

சர்ச்சுக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் தரையில் விழுந்தது. ஜெபம் வரவில்லை. முடிச்சுப் போட்ட ஓலையே கண்ணில் நின்றது.

1879 மே 14-ஆம் தேதி லியோனிடாஸ் கப்பல் 463 இந்தியர்களோடு இந்தக் கடலில் நங்கூரம் போட்டது. கப்பலில் காலராவும் அம்மையும். நாலு வருஷம் முன்புதான் வெளியூர்க் கப்பல் கொண்டுவந்த தட்டம்மையில் பிஜிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்திருந்தார்கள். அதனால் எல்லாருக்கும் பயம். பக்கத்துக் குட்டித் தீவு ஒன்றில் இறக்கி அடைத்து வைத்தார்கள். கரையில் ஒரு கிழவர் கையை நீட்டி அந்தத் தீவைக் காட்டினார். பச்சையாக, சின்னதாக, நீந்திப் போய்விடலாம் போல இருந்தது. நம் ஜனங்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரிந்திருக்கும்!

ஆறாம் நாள்: ஞாயிறு, சுவா

டட்லி தேவாலயத்தில் காலை ஆராதனை. பாட்டு இந்தியில், ஆர்மோனியம், டோலக். ராகம் தெரிந்தது, வார்த்தை தெரியவில்லை. என் பக்கத்தில் எழுபது வயது இருக்கும் ஒரு பெண்மணி. தமிழ் வம்சம். வேலூர் என்றதும் என்னை விடவில்லை. ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் போட்டார். குழம்பில் தேங்காய்ப்பால், கறிவேப்பிலை. சாப்பிட்டுக்கொண்டே பேசினோம்.

மே 14 பற்றி நான்தான் ஆரம்பித்தேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "1879 மே 14 எங்கள் கப்பல். 1987 மே 14 ராணுவப் புரட்சி. 2023 மே 14 மன்னிப்பு. ஒரே தேதிதான் பெஹன்ஜி."

1987-ல் இந்தியர் ஆதரவோடு ஜெயித்த அரசாங்கத்தை ராணுவத்தின் லெப்டினன்ட் கர்னல் ரம்புக்கா கவிழ்த்தார். மெதடிஸ்ட் சபையின் உபதேசியார் அவர். சபையின் பெரிய பகுதி அவர் பக்கம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யவும் வண்டி ஓட்டவும் தடை போட்டார்கள். இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டே போனார்கள். இந்த அம்மாவின் அண்ணன் குடும்பமும் போயிற்று. பர்ட்டனும் டட்லியும் இருந்த அதே சபை. ஆற்றங்கரையில் கேட்ட குரலை அந்தச் சபையே மறந்துவிட்டது. எனக்கு இந்தப் பயணத்தில் தாங்க முடியாத விஷயம் இதுதான்.

2023 மே 14-ஆம் தேதி சுவாவின் உள்விளையாட்டரங்கத்தில் மெதடிஸ்ட் சபைத் தலைவர் இந்திய வம்சாவளியினரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மறுபடியும் பிரதமராகியிருந்த ரம்புக்காவும் கேட்டார். பிஜி வழக்கத்தில் மன்னிப்பு என்பது வாய் வார்த்தையோடு போகாது. திமிங்கிலப் பல்லை வைத்துக் கேட்பார்கள். அதற்குப் பெயர் புலுபுலு, புதைப்பது என்று அர்த்தம். 1867-ல் தாமஸ் பேக்கர் என்ற மிஷனரியைக் கொன்ற மலைக் கிராமத்தார் 2003-ல் அவர் சந்ததியை வரவழைத்து அப்படித்தான் கேட்டார்கள். நூற்று முப்பத்தாறு வருஷம் கழித்தும் அது அவர்களுக்குப் பழைய கதையாகிவிடவில்லை.

"நீங்கள் அரங்கத்துக்குப் போனீர்களா?" என்று கேட்டேன்.

"போனேன். அழுதேன். வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு சிட்னிக்கு போன் போட்டேன். அவன், 'சரி, கேட்டார்கள். என் நிலத்தின் குத்தகை?' என்றான். அவன் கேட்டதும் சரிதான். நான் அழுததும் சரிதான்."

குத்தகை விஷயம் பெரியது. இங்கே நிலத்தில் பெரும்பகுதி பிஜி குலங்களுக்குச் சொந்தம், விற்க முடியாது. கிர்மிட்டியர் பேரன்கள் முப்பது வருஷக் குத்தகையில் கரும்பு போட்டார்கள். 1997-லிருந்து குத்தகைகள் முடிய ஆரம்பித்தன. பலருக்குப் புதுப்பிக்கவில்லை. அதை ஒரு வரியில் நியாயம் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. பிஜிக்காரனுக்கு அவன் மண் வேண்டும். நாலு தலைமுறை அதில் வியர்வை சிந்தியவனுக்கும் நிற்க இடம் வேண்டும். அறுத்தவன் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூப்பாடு போடும் என்று யாக்கோபு எழுதினார். இங்கே எந்தக் கூலியை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், கம்பெனி 1973-லேயே கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டது.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு காகிதத்தில் தன் பூட்டன் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். காது வழியாகவே வந்த பெயர், எழுத்து சிதைந்திருந்தது. இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பேர்ணாம்பட்டு பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். "மண் கொஞ்சம் அனுப்ப முடியுமா?" என்றார். விமானத்தில் மண் விடமாட்டார்களே என்றாள் என் மகள். போட்டோவாவது அனுப்புகிறேன் என்றேன்.

இதை நாந்தி விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ராத்திரி பதினொன்று. மகள் பக்கத்தில் தூங்குகிறாள். சற்று முன் எங்கள் ஊர் ஆயருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்.

"தோத்திரம் ஐயா. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஊருக்கு வருகிறேன். மறுநாள் காலை நீங்களும் நானும் ஆற்றோரச் சூளைக்குப் போய்வரலாமா? அங்கே இருக்கிறவர்களிடம் பேச வேண்டும். அட்வான்ஸ் நோட்டைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ். கமிட்டியில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றால் நோட்டு இருக்காது. தங்களால் வர முடியாவிட்டால் நான் மட்டும் போகிறேன்."

படித்துவிட்டார். எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதுகிறார் என்று காட்டுகிறது. எங்கள் விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள், மகளை எழுப்ப வேண்டும்.